பிடி அரிசி

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிடி அரிசிப் பானை என்று ஒன்று இருக்கும். உலையில் போட அரிசியை அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக அந்தப் பானையில் போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் சேர்ந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டி, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஏலப் பணம் மிஷனெரி ஊழியத்துக்கு. எங்கள் ஊரில் நான் பார்த்த வழக்கம் இது.

அந்தச் சாக்கு அரிசியை யார் வாங்குவார்கள் என்பதுதான் விஷயம். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, பழைய அரிசி, அப்போதுதான் அறுத்த புதுநெல் அரிசி எல்லாம் அதில் கலந்து கிடக்கும். உலையில் போட்டால் ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கரிசியாக நிற்கும். கையில் காசு இருக்கிறவர்கள் அதை வாங்க மாட்டார்கள். அதனால் கடை விலையைவிடக் குறைவாகத்தான் ஏலம் போகும். எங்கள் வீட்டில் கஷ்டம் முற்றியிருந்த காலத்தில் அந்த அரிசியை அம்மாதான் எடுத்தாள். கஞ்சியாகக் காய்ச்சினால் வேறுபாடு தெரியாது என்று சொல்வாள். அப்படி ஏலத்தில் எடுத்த அரிசியை அளக்கும்போதும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மறுபடியும் பானையில் போடுவாள். கொடுத்த அரிசியைக் காசு கொடுத்து வாங்கி, அதிலும் ஒரு பிடியைத் திரும்பக் கொடுக்கிற அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் விசுவாசம் என்றால் என்னவென்று அறிந்தேன். அதன் பிறகு எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

எங்கள் ஊர் பாவூர்சத்திரத்துக்கும் சுரண்டைக்கும் நடுவில் இருக்கிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானது. நான் வளர்ந்தபோது எல்லாம் திருநெல்வேலிதான். கிணறு வற்றாத வருஷம் விவசாயம், வற்றினால் கூலி வேலை. எந்த வருஷமானாலும் பெண்களுக்குப் பீடி. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா பக்கத்துக் காடுகளிலிருந்து வரும் இலையைக் கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள். அதைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்ட வேண்டும். ஒரு கட்டுக்கு 25. ஆயிரம் பீடிக்கு 40 கட்டு. கொடுத்த இலையில் கிழிசலும் ஓட்டையும் இருந்தாலும் ஆயிரத்துக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். குறைந்தால் சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். கடையில் ‘இது சரியில்லை’ என்று கழித்துப் போடுவதும் நம் நஷ்டம்தான்.

அம்மாவின் மடியில் பீடிச் சுளகு இல்லாத நேரம் என்று ஒன்றை எனக்கு நினைவில்லை. இரவில் குடும்ப ஜெபம் நடக்கும்போதுகூட விரல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்பா வேதம் வாசிப்பார், நாங்கள் ஆளுக்கொரு கீர்த்தனை பாடுவோம், அம்மா சுருட்டிக்கொண்டே பாடுவாள். ஜெபம் என்றதும் மட்டும் சுளகை இறக்கி வைத்து முழங்காலில் நிற்பாள். சத்தமாகத்தான் ஜெபிப்பாள். வட்டிக்காரர், கடைப் பாக்கி, என் தங்கையின் இருமல், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மருமகளுக்குப் பிரசவம் என்று எல்லாம் பெயரோடு வரும்.

புகை பிடிப்பது தவறு என்று ஆலயத்தில் கேட்போம். வீட்டுக்கு வந்து பீடி சுற்றுவோம். அந்தச் சபையில் காணிக்கைப் பையில் விழுகிற காசில் பெரும்பங்கு பீடிக்காசு. இது அம்மாவை உறுத்தாமல் இல்லை. ‘என் கையோட இது போகட்டும், என் பிள்ளைங்க கை இந்த இலையைத் தொடக் கூடாது’ என்று அவள் கேட்காத இரவு இல்லை. அந்த ஜெபத்துக்குப் பதில் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1976இல் வந்தது. அந்த நிதியிலிருந்து பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கொடுத்தார்கள். அம்மாவிடம் பீடி வேலைக்கான பாஸ் புத்தகம் இருந்ததால் எனக்கும் தங்கைக்கும் அது கிடைத்தது. அதற்கான விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர் எங்கள் தமிழாசிரியர். தொழிற்சங்கத்தில் போராடியவர்களும், சட்டம் எழுதியவர்களும், ஒரு ஆசிரியரும் சேர்ந்து கொண்டுவந்து சேர்த்த பதில் அது. அதனால் அது கர்த்தர் தந்த பதில் இல்லை என்று நான் நினைத்ததே கிடையாது.

அப்பா தையல்காரர். சர்க்கரை நோய் காலில் புண்ணாக வந்தது. ஆறாத புண் பெரிதாகி, விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மிஷினை மிதிக்கிற கால் அது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் 8,000 ரூபாய், நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி. மாதம் 400, வருஷத்துக்கு 4,800. வாங்கியதில் பாதிக்கு மேல் ஒரே வருஷத்தில் வட்டியாகப் போய்விடும், முதல் அப்படியே நிற்கும். இது தொண்ணூறுகளில். வாரம் முழுக்க அம்மா சுற்றி வாங்குகிற சம்பளத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது.

சம்பளம் சனிக்கிழமை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து பங்கு பிரிப்பாள். ஆலயத்துக்கான சங்கக் காணிக்கைக் கவரில் முதலில் ஒரு சிறு தொகை. அதன் பிறகுதான் வட்டி, மளிகை, பால், மாத்திரை. அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

‘வட்டிக்காரன் வாசல்ல நிக்கான். நீ கவரை ஒட்டிக்கிட்டு இருக்க.’

‘அவன் வாசல்ல நிக்கான்னுதான் இதை முதல்ல வைக்கேன். அவனுக்கு முதல்ல எடுத்து வச்சா, அவன்தான் இந்த வீட்டுக்கு எசமான்னு ஆயிரும்.’

அப்பா அவிசுவாசி இல்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அம்மாவுக்கும் அது தெரியும். அந்தத் திண்ணையில் நடந்த சண்டைகளை விசுவாசத்துக்கும் அவிசுவாசத்துக்கும் நடந்த சண்டையாக நான் ஒருநாளும் பார்க்கவில்லை. ஒரே கர்த்தரை நம்புகிற இரண்டு பேர் பயத்தை ஆளுக்கொரு விதமாகத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். ராத்திரியில் எழுந்து தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் போவார். அம்மா பின்னாலேயே போய்க் கூட்டிக்கொண்டு வருவாள். ஏன் போனீர்கள் என்று அவள் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

பல வருஷம் கழித்து, நான் ஆசிரியையான பிறகு, 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தகப்பன், தாய், இரண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகினார்கள். கந்துவட்டிக் கொடுமை. அதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலேயே வந்துவிட்டது. அன்று பள்ளியில் பாடம் நடத்த என்னால் முடியவில்லை. கடைசிப் பீரியடில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு வராந்தாவில் நின்றேன். எங்களிடம் விசுவாசம் இருந்தது, அதனால் பிழைத்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குடும்பத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறவர்களோடு நான் பேசவும் மாட்டேன். எங்களுக்கும் அந்த நிலைக்கும் நடுவில் நின்றவை சில மனிதர்களும் ஒரு சுவரும்தான்.

சுவர் என்றது பக்கத்து வீட்டுச் சுவரை. அதில் கீழ்ப்பாதி மண், மேல்பாதி பனை ஓலைத் தட்டி. அந்தப் பக்கம் பெரியம்மா வீடு. உறவு இல்லை, மதமும் வேறு. அம்மன் கோவில் கொடைக்கு வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிற வீடு. ஒரு நாள் காலையில் பெரியம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அம்மாவின் சுளகில், தூளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

‘இதைக் கொண்டுபோய் சொசைட்டியில வச்சு அந்த அஞ்சு வட்டியை அடைச்சிரு.’

அம்மா பதறிவிட்டாள். ‘மயினி, உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?’

‘நீ தினமும் ராத்திரி கத்துதது உன் சாமிக்குக் கேட்டுதோ என்னவோ, தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுட்டு.’

சொசைட்டி என்ற அந்தக் கூட்டுறவு வங்கியில் அப்போது நகைக்கடன் வட்டி நூற்றுக்கு மாதம் ஏறத்தாழ ஒரு ரூபாய். 400 போய்க்கொண்டிருந்த இடத்தில் 80 போனால் போதும். மிச்சம் 320 முதலைக் குறைக்கும். இந்தக் கணக்கை எங்களுக்குப் போட்டுக் காட்டியவர் சேகரத்து ஐயா, எங்கள் சபையின் குருவானவர். அதற்கு முந்திய வாரம் அவர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். வேதப் புத்தகத்தைத் திறப்பார் என்று நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அவர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, ‘யார் யாருக்கு எவ்வளவு தரணும், ஒண்ணு விடாமச் சொல்லுங்க’ என்று அப்பாவைக் கேட்டு, பழைய ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அதுவரை அந்தக் கணக்கை அவர் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. எழுதி முடித்த பிறகுதான் ஐயா ஜெபித்தார். சின்ன ஜெபம்.

இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் ஒரு விதவை வருகிறாள். புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்தவன், ஆனாலும் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசியிடம் போய் முறையிடுகிறாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் மட்டும் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கிவரச் சொல்கிறார். பாத்திரம் இருக்கிற வரைக்கும் எண்ணெய் வந்துகொண்டே இருக்கிறது. அதை விற்றுக் கடனை அடைத்து மீதியில் பிள்ளைகளோடு பிழைக்கச் சொல்கிறார். ஆலயத்தில் இதைப் பிரசங்கிக்கும்போது எண்ணெய் பெருகியதைத்தான் பேசுவார்கள். அம்மாவுக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. பெரியம்மா சங்கிலி தந்த பிறகு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் அந்தக் கதையைச் சொன்னாள்: ‘பக்கத்து வீட்டுக்காரங்க பாத்திரம் குடுத்தாங்கள்லா, அவங்க பேரை வேதத்துல எழுதலை. ஆனா அவங்க கதவைச் சாத்தியிருந்தா எண்ணெய் எதுல போய் நிக்கும்?’

கடன் தீர வருஷங்கள் ஆயின. அப்பா பட்டன் கட்டுவது, காஜா எடுப்பது என்று கையால் செய்கிற வேலையாகத் திரும்பத் தொடங்கினார். சங்கிலியை மீட்டுக் கொடுத்த அன்று அம்மா பெரியம்மாவுக்குச் சேலை எடுத்துப் போனாள். பெரியம்மா வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டாள்.

அதே காலத்தில் எங்கள் அத்தை ஒருத்திக்கு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாதி உண்மையாகிவிடும். பக்கத்து ஊர் மைதானத்தில் மூன்று நாள் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், இன்று கர்த்தருக்குக் கொடுப்பவன் நாளைக்கு நூறு மடங்கு அறுப்பான் என்றும், கடனில் இருப்பவன்தான் முதலில் கொடுக்க வேண்டும், கடனை உடைக்கிற வழி அது ஒன்றுதான் என்றும் மேடையிலிருந்து சொன்னார். அத்தைக்கும் கடன் இருந்தது. காதுக் கம்மலைக் கழற்றிப் போட்டாள். நூறு மடங்கு வரவில்லை. வராததற்குக் காரணம் தன் விசுவாசக் குறைவுதான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். கொஞ்ச நாளில் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள், வெறும் காதோடு வர வெட்கம். கடன் தீராததுமல்லாமல், கடனைத் தாங்குவதற்கு அவளிடம் மிச்சமிருந்த ஒரே பற்றும் போயிற்று. ஏழையின் பயத்தைக் காட்டி அவனிடமிருந்தே பிடுங்குகிற அந்தப் பேச்சை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சுவிசேஷத்தின் பெயரால் செய்யப்படுகிற திருட்டு அது.

அம்மா அத்தை வீட்டுக்குப் போய்ப் பல நாள் கூடவே உட்கார்ந்து பீடி சுற்றினாள். கடைசியில் அத்தையை ஆலயத்துக்குத் திரும்பக் கூட்டிவந்தாள். போகும்போது தன் பித்தளைத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காதோடுதான் போனாள்.

கொடுத்தல் என்ற பெயரில் இரண்டு காரியங்கள் எங்கள் நடுவில் நடக்கின்றன. ஒன்று பேரம். இன்னொன்றுக்கு எங்கள் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு வீடும் நிலமும் வாங்கித் தருவதற்காக மிஷனெரி ரேனியஸ் காலத்தில், 1830இல், பாளையங்கோட்டையில் தர்ம சங்கம் தொடங்கியது. 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் அதே ஊரில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் அசரியா. சங்கத்தின் பணி தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதியில் தொடங்கியது. அசரியா பின்னர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கிறிஸ்தவக் கொடுத்தலைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், பனையேறிகளும் விவசாயிகளும் கூலிக்காரர்களும் தங்கள் கையால் ஒரு சபையைத் தாங்க முடியும் என்று அந்தத் தலைமுறை நம்பியது. கொடுக்கிறவன் பிச்சைக்காரன் இல்லை. எங்கள் அம்மா கல்லூரி வாசலை மிதிக்காதவள். அசரியாவின் நூலைப் பார்த்திருக்கவும் மாட்டாள். ஆனால் எட்டாயிரம் ரூபாய்க் கடனாளி என்று ஊர் பார்த்த காலத்திலும், எங்கோ முகம் தெரியாத ஒருவருக்கு அரிசி அனுப்புகிறவளாகத்தான் அவள் தன்னைப் பார்த்தாள். வட்டிக்காரர் முன்னால் அவள் குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. அதற்கு இந்தப் பானைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். எங்களுக்கு வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பதில்லை. மாதம் ஐந்தாம் தேதி வீட்டுக் கடன் தவணையை வங்கி தானாக எடுத்துக்கொள்கிறது, கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. சண்டைக்கு மட்டும் குறைவில்லை. மாமனாரின் டயாலிசிஸ், மகனின் கல்லூரி, தங்கை வீட்டுக்குச் செய்ய வேண்டியது என்று ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று தள்ளிப் போகிறது. அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அத்தனை வருஷம் சுற்றியதற்கு மாதம் 1,000 ரூபாய் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் வருகிறது. நுரையீரலில் எப்போதும் இரைப்பு.

கடந்த ஜூனில் மகனின் கல்லூரிக் கட்டணமும் மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. இந்த மாதம் தசமபாகத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கணவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அம்மா வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லி, ஏலத்தில் எடுத்த அரிசியைச் சொல்லி, குறைக்கவே கூடாது, வேண்டுமானால் சொசைட்டியில் இன்னொரு நகையை வைக்கலாம் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

‘கடன் வாங்கியா காணிக்கை போடப் போற?’

‘நீங்க போடலியாம்மா?’

‘ஏட்டி, நான் என்னைக்குடி கடன் வாங்கிப் போட்டேன்? என் பானையில இருந்த அரிசியில ஒரு பிடி எடுத்தேன். பானையில அரிசியே இல்லாத நாளும் இருந்துச்சு, அன்னைக்குப் போடலை. நீ சின்னப்பிள்ளை, உனக்கு அது ஞாபகம் இருக்காது.’

பிறகு, ‘மாப்பிள்ளையைக் கூப்பிடு, சாப்பிடட்டும்’ என்றாள்.

அன்றிரவு ஜெபத்துக்கு முன்னால் கணவர் ஒரு தாளை எடுத்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதினார். நானும் சொன்னேன், மகனும் சொன்னான். என்னிடம் சொல்லாமல் நண்பனிடம் வாங்கியிருந்த 3,000 ரூபாயை அவன் அப்போதுதான் சொன்னான். சத்தம் போட வாயெடுத்தேன், அம்மா பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். அதையும் தாளில் எழுதிக்கொண்டோம். அந்த மாதக் கவரில் வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் வைத்தோம். கல்லூரிக் கட்டணத்தின் இரண்டாம் தவணை டிசம்பரில். கிறிஸ்துமஸ் துணிக்கு முன்னால் அதைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.